சிறு திரையில் ஒரு யுத்த நியதி

சாலையின் மேல் இரண்டு டாங்கிகள் எதிரெதிரே நிற்கின்றன. இரண்டும் ஒரே ரகம். இரண்டின் பலமும் பத்து. கவசத்திலோ குண்டின் வலிமையிலோ அணுவளவும் வித்தியாசமில்லை. ஆயினும் ஒருமுறை மோதி ஓய்ந்தபின் பார்த்தால், முந்திச் சுட்டது எட்டுப் பலத்தோடு நிற்கிறது; சுடப்பட்டது ஐந்தாகக் குறுகிவிடுகிறது. இது அநியாயம் என்று கருதி, அடுத்த முறை அந்தக் காயம்பட்ட டாங்கிக்கே முதல் வாய்ப்பைக் கொடுத்தாலும் நிலைமை சீர்படுவதில்லை. இரண்டாவது மோதலின் முடிவில், முதல் மோதலில் முந்திச் சுட்டது ஐந்தோடும் காயம்பட்டது இரண்டோடும் நிற்கின்றன. இருவரும் ஆளுக்கு ஒரு தடவை முந்திச் சுட்டாயிற்று. அப்படியிருந்தும் ஒருவர் பங்கு மற்றவருடையதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இருப்பது எங்ஙனம்?

இந்தக் காட்சி நிகழும் இடம் உண்மையான போர்க்களமன்று. ஜப்பானிய நிறுவனமான இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ் உருவாக்கி, நின்டெண்டோ 2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் தேதி அமெரிக்காவில் வெளியிட்ட ‘அட்வான்ஸ் வார்ஸ்’ என்னும் போர்வியூக விளையாட்டின் களம் அது. உள்ளங்கையில் அடங்கும் ‘கேம் பாய் அட்வான்ஸ்’ கருவியின் சிறு திரையில், பொம்மைகளைப்போல் வண்ணம் பூசிய டாங்கிகளும் காலாட்படைகளும் பீரங்கிகளும், சதுரங்கப் பலகையை ஒத்த கட்டங்களின்மேல், இரு தரப்பாரும் மாறி மாறி நகர்த்த நகர்கின்றன. அது வெளியான மறுநாளே நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்டமையால், ஜப்பானில் யுத்த விளையாட்டொன்றை வெளியிடும் மனம் நிறுவனத்தாருக்கு இல்லாமற் போயிற்று. அந்நாட்டு மக்கள் அதைத் தங்கள் மொழியில் ஆட 2004 வரை காத்திருக்க நேர்ந்தது. குறைகள் பல உடைய விளையாட்டுத்தான். அவற்றை மறைக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் அதன் அடிப்படைக் கணக்கில் இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் பிறந்த ஓர் அறிவியல் சித்தாந்தம் பொதிந்து கிடக்கிறது என்பதும், அதன் குறைகளில் பெரியதான ஒன்றே அந்தச் சித்தாந்தத்தை நமக்குக் கற்பிக்கும் ஆசானாக அமைகிறது என்பதும் விரிவாகச் சொல்லத் தக்கவை.

முதலில் டாங்கிகளின் புதிரை அவிழ்ப்போம். முழுப் பலமுள்ள ஒரு டாங்கி மற்றொரு டாங்கியைச் சுட்டால், இடத்தின் பாதுகாப்பும் அதிர்ஷ்டத்தின் பங்கும் நீங்கலாக, எதிரியின் பலத்தில் நூற்றுக்கு 55 பங்கு அழியும் என்பது இவ்விளையாட்டின் விதி. திரையில் பத்து என்று தெரியும் பலம் கருவியின் உள்ளே நூறாக வைத்து எண்ணப்படுகிறது. பத்தின் பின்னமாக வருவதை மேல்நோக்கி முழு எண்ணாக்கி நமக்குக் காட்டுகிறது. ஆகவே அடிபட்ட டாங்கியின் பலம் 45, திரையில் ஐந்து. இப்பொழுது அது பதிலுக்குச் சுடுகிறது. ஆனால் சுடும் சக்தி எஞ்சிய பலத்துக்கு ஏற்பவே அமையும் என்பது இரண்டாவது விதி. பாதிப் பலம் பெற்ற டாங்கி பாதிச் சேதத்தையே விளைவிக்கும். அதாவது நூற்றுக்கு 55 அன்று, ஏறத்தாழ 27தான். முந்தியவன் இழந்தது அவ்வளவே. அடுத்த மோதலில், எஞ்சிய பலத்தைக் கொண்டு அதே கணக்கை மறுபடியும் போட்டால், ஐந்துக்கு இரண்டு என்னும் முடிவு கிடைத்துவிடும். மெய்யான ஆட்டத்தில் ஒவ்வோர் அடியோடும் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரையில் ஏதேனும் ஓர் எண்ணைக் கருவி அதிர்ஷ்டமாகக் கூட்டிக்கொள்ளும். ஆயினும் போக்கு மாறாது.

இழப்பு இழப்பையே பெருக்குகிறது என்பதுதான் இங்கே மர்மம். கடன்பட்டவனுடைய வட்டி கட்டப்படாமல் முதலோடு சேர்ந்து, அந்த வட்டிக்கும் வட்டி ஏறி, தவணைக்குத் தவணை அவன் பின்தங்குவதுபோல, பலம் குறைந்தவன் எதிரியைக் குறைக்கும் திறனையும் இழக்கிறான். எதிரி குறையாமையால் அடுத்த அடி பலமாக விழுகிறது. அது அவனை மேலும் குறைக்கிறது. இத்தகைய தொடர்ச்சியை அறிவியலார் ‘பின்னூட்டம்’ என்று வழங்குவர்; விளைவு திரும்பிவந்து தன் காரணத்தையே வளர்ப்பது என்று பொருள் கொள்ளலாம்.

இந்தப் பின்னூட்டத்தைக் கணிதமாக வடித்தவர்களுள் முதன்மையானவர், ஃபிரெடெரிக் லான்செஸ்டர் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர். 1868-இல் பிறந்த இவர், பிரிட்டனின் ஆதி மோட்டார் வண்டிகளுள் சிலவற்றைக் கட்டியவர். ஆகாய விமானத்தின் இறக்கை எவ்வாறு காற்றில் நிற்கிறது என்பதை ஆராய்ந்து நூல் எழுதியவர். முதல் உலக யுத்தம் மூண்ட 1914-இல், விமானங்கள் போரின் தன்மையை எவ்வாறு மாற்றும் என்று சிந்திக்கத் தலைப்பட்டு, அவர் எழுதிய கட்டுரைகள் 1916-இல் புத்தகமாக வெளிவந்தன. ஏறத்தாழ அதே சமயத்தில், ரஷ்யாவில் மிகைல் ஒஸிபொவ் என்பார், லான்செஸ்டரை அறியாமலே அதே முடிவுக்கு வந்திருந்தார்.

லான்செஸ்டரின் கூற்றைச் சமன்பாடு ஏதுமின்றி இவ்வாறு விளக்கலாம். பழங்காலத்தில் வாளும் வேலும் கொண்டு நடந்த கைகலப்பில், ஒருவனோடு ஒருவன்தான் பொருத முடியும். பின்னால் ஆயிரம் பேர் நின்றாலும் முன்வரிசையில் வாள் வீசுபவன் ஒருவனே. அங்கே எண்ணிக்கையின் மதிப்பு எண்ணிக்கை அளவே. இதை ‘நேர் விதி’ என்போம். தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடும் நவீனப் போரிலோ ஒருவனைப் பத்துப் பேர் ஒரே சமயத்தில் சுடலாம். அப்பொழுது எண்ணிக்கை மிகுந்த தரப்புக்கு இரண்டு அனுகூலங்கள் சேர்ந்து கிடைக்கின்றன. எதிரியை நோக்கித் திரும்பும் துப்பாக்கிகள் அதிகம் என்பது ஒன்று. எதிரி சுடும் குண்டுகள் அதிகமான தலைகளுக்கிடையே பங்கிடப்படுவதால், தன் ஆட்களில் ஒவ்வொருவனுக்கும் நேரும் ஆபத்து குறைவு என்பது மற்றொன்று. இரு மடங்கு பேர் இருந்தால், முதல் அனுகூலமும் இரு மடங்கு, இரண்டாவதும் இரு மடங்கு. இவை ஒன்றையொன்று பெருக்கிக்கொள்ள, மெய்யான பலம் நான்கு மடங்காகிறது. மும்மடங்கு பேர் ஒன்பது மடங்கு பலம். எண்ணை அதே எண்ணால் பெருக்கி வருவதை வர்க்கம் என்று கணிதத்தில் சொல்வதால், இதற்கு ‘வர்க்க விதி’ என்று பெயர்.

இவ்விதியின் சுவை அதன் கிளைமுடிவுகளில்தான் இருக்கிறது. ஆறு டாங்கிகள் எட்டு டாங்கிகளோடு ஒரே வேளையில் மோதினால், 36-க்கு 64 என்னும் கணக்கில் ஆறு அழிந்தே போகும். ஆனால் அதே எட்டும் இரண்டு இரண்டாக நான்கு முறை வந்து சேர்ந்தால், ஒவ்வொரு ஜோடியின் பலமும் நான்கே. நான்கு ஜோடிகளுக்கும் சேர்த்துப் பதினாறு. முப்பத்தாறிலிருந்து பதினாறு போக இருபது மிஞ்சும். அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ நாலரை. எண்ணிக்கையில் குறைந்தவன், எதிரியைப் பிரித்து வைத்து எதிர்கொண்டால், அவனை முற்றாக அழித்தபின்பும் தன் சேனையில் முக்கால் பங்கு கையில் வைத்திருப்பான்.

தம் விதிக்குச் சரித்திர சாட்சியாக லான்செஸ்டர் எடுத்துக்கொண்டது பிரிட்டிஷ் கடற்படைத் தலைவர் நெல்சனின் திட்டம். 1805 அக்டோபரில், டிரஃபால்கர் கடற்போருக்குச் சில தினங்கள் முன்பு, நெல்சன் தம் தளபதிகளுக்கு எழுதிய குறிப்பில், தம்மிடம் நாற்பது கப்பல்களும் பிரெஞ்சு-ஸ்பானிய அணியில் நாற்பத்தாறும் இருக்கும் என்று கருதி வியூகம் வகுத்திருந்தார். நேருக்கு நேர் வரிசையாக நின்று சுட்டுக்கொண்டால், நாற்பதின் வர்க்கம் 1,600, நாற்பத்தாறின் வர்க்கம் 2,116, தோல்வி நிச்சயம். ஆகையால் அவர் எதிரியின் வரிசையை நடுவே அறுத்து, பின்பாதியான இருபத்துமூன்று கப்பல்களின் மேல் தம் முப்பத்திரண்டையும் ஏவிவிட்டு, முன்பாதி திரும்பி வந்து உதவாதபடி தடுக்க எட்டே கப்பல்களை ஒதுக்கினார். முப்பத்திரண்டின் வர்க்கமும் எட்டின் வர்க்கமும் சேர்ந்து 1,088; இரண்டு இருபத்துமூன்றுகளின் வர்க்கங்கள் சேர்ந்து 1,058. தராசின் முள் பிரிட்டிஷார் பக்கம் மயிரிழை அளவுக்குச் சாய்கிறது. வர்க்க விதியைக் கேட்டே அறியாத ஒரு கடற்படைத் தலைவர், நூறாண்டுக்குப் பிறகு பிறந்த கணக்கு வெற்றியென்று சொல்லும் எல்லைக்குச் சற்றே இப்பால் தம் கப்பல்களைப் பிரித்து வைத்தார் என்பது, எத்தனை முறை எண்ணினாலும் வியப்புத் தீராத விஷயம். போர் நடந்த அக்டோபர் 21 அன்று இருந்தவை 27-உம் 33-உமே. பிரிட்டிஷார் ஒரு கப்பலையும் இழக்கவில்லை. ஆனால் நெல்சன் உயிரை இழந்தார்.

அழகிய கணக்கு ஒன்று உண்மையாகவும் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. அது உண்மைதான் என்று எப்படி அறிவது? போர்களில் நாள்தோறும் எத்தனை பேர் மாண்டனர் என்ற நம்பகமான கணக்கு கிடைப்பது அரிது. அது கிடைத்த இடங்களுள் ஒன்று, பசிபிக் சமுத்திரத்தின் இவோ ஜிமா தீவு. 1945 பிப்ரவரி 19 முதல் மார்ச் 26 வரை முப்பத்தாறு நாட்கள் அங்கே நடந்த யுத்தத்தில் அமெரிக்கத் தரப்பின் நாள்வாரி இழப்புகளை எடுத்துக்கொண்டு, ஜே. எச். எங்கெல் என்னும் ஆய்வாளர் 1954-இல் வர்க்க விதியைச் சோதித்தார். ஜப்பானியர் சுமார் 21,500 பேர். அவர்களுக்கு உதவிப் படையும் இல்லை, தப்பும் வழியும் இல்லை. அமெரிக்கர் முதல் நாள் 54,000 பேரும், மூன்றாம் நாள் 6,000 பேரும், ஆறாம் நாள் 13,000 பேரும் இறங்கினர் என்பது அவர் கொண்ட கணக்கு. விதி வரைந்த கோடும் மெய்யான இழப்புகள் வரைந்த கோடும் வியக்கத்தக்க அளவுக்கு ஒட்டிச்சென்றன.

அந்தக் கணக்கிலிருந்து வெளிப்பட்ட மற்றோர் உண்மை இன்னும் ஆழமானது. எரிமலைப் பாறையில் சுரங்கம் குடைந்து பதுங்கியிருந்த ஒரு ஜப்பானிய வீரன், திறந்த மணலில் நின்ற ஓர் அமெரிக்கனைப் போல் ஐந்து மடங்கு சேதம் விளைவித்திருக்கிறான். எண்ணிக்கையில் அமெரிக்கர் ஜப்பானியரைப் போல் மூன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவு. நேர் விதி ஆட்சி செய்திருக்குமானால், ஐந்துக்கு மூன்றரை தோற்றிருக்க வேண்டும். ஆனால் வர்க்க விதிப்படி மூன்றரை ஏறத்தாழப் பதினொன்றரை ஆகிறது; ஐந்தாலே அதைத் தடுக்க இயலவில்லை. இந்த எண்களின் ஒவ்வோர் அலகும் ஒரு மனிதன் என்பதை இதை எழுதும்போது மறக்க முடியவில்லை: ஏழாயிரம் அளவிலான அமெரிக்கர் அத்தீவில் மாண்டனர், தற்காத்து நின்ற ஜப்பானியரில் உயிரோடு பிடிபட்டோர் மிகச் சிலரே.

ஒரு போர் ஒத்துவந்ததனால் விதி நிலைநாட்டப்பட்டதாகாது. எங்கெல் இரு தரப்பின் கொல்லும் திறனையும் எந்தக் கணக்கிலிருந்து எடுத்தாரோ அதே கணக்கைக் கொண்டே விதியையும் சோதித்தார் என்ற ஆட்சேபம் நியாயமானது. ஜப்பானியரின் நாள்வாரி இழப்போ எவரிடமும் இல்லை. 1944-இன் குளிர்காலத்தில் பெல்ஜியத்தின் ஆர்டென் காடுகளில் நடந்த பெரும்போரின் குறிப்புகளை 1990-களில் ஆராய்ந்தவர்களுக்கு வர்க்க விதியின் தெளிவான முத்திரை தென்படவில்லை. மனிதரை விட்டு எறும்புகளிடமும் சென்றனர் உயிரியலார். படையெடுத்துச் செல்லும் எறும்புகள் திரண்டு வருவது இவ்விதியின் பயனுக்காகவே என்ற கருத்து 1993-இல் முன்வைக்கப்பட்டது. ஆனால் 2005-இல் வெளியான ஆய்வொன்றில், நெருப்பெறும்புகளை வெவ்வேறு எண்ணிக்கையில் மோதவிட்டு மாண்டவற்றை எண்ணியபோது, வர்க்க விதி எதிர்பார்த்தபடி முடிவுகள் அமையவில்லை. ஒரே எதிரியைப் பலர் ஒரே நேரத்தில் தாக்க இடமும் வசதியும் இருந்தாலன்றி வர்க்க விதி செயற்படாது. குறுகிய இடத்தில் நெருங்கி நின்று பொருவோருக்கு நேர் விதியே விதி. லான்செஸ்டர் வகுத்தது எங்கும் பொருந்தும் இயற்கைச் சட்டமன்று. இன்ன நிலைமையில் இன்னது நேரும் என்னும் நிபந்தனைக் கூற்று.

இந்த நிபந்தனையை நம் சிறு திரை மிகத் தெளிவாகக் காட்டுகிறது. கட்டங்களின் மேல் நடக்கும் போரில் ஒரு டாங்கியை நான்கு பக்கங்களிலிருந்து நான்கு டாங்கிகள் தாக்கலாம். வெட்டவெளியில் வர்க்க விதி கோலோச்சுகிறது. இரு மலைகளுக்கிடையே ஒரே கட்ட அகலமுள்ள கணவாயில் அதே சேனையை நிறுத்தினால், முன்னால் நிற்பது ஒன்றே, அதைத் தொடக்கூடியதும் ஒன்றே. எதிரியின் எண்ணிக்கை வரிசையில் காத்திருப்பதன்றி வேறு பயன் பெறுவதில்லை. இனி, கணவாயின் வாயில் நிற்கும் நம் டாங்கிக்குப் பின்னே பீரங்கிகளை வைப்போமாயின், இரண்டு முதல் மூன்று கட்டத் தொலைவுக்குச் சுடவல்ல அவை, முன்னிருப்பவரின் தலைக்கு மேலாகத் தாக்கும். தாக்கப்பட்டவர் அவற்றைத் திரும்பச் சுடவும் முடியாது. எதிரிக்கு நேர் விதியும் நமக்கு வர்க்க விதியுமாக ஒரே களத்தில் இரண்டு நியதிகளை அமைத்துக்கொள்கிறோம். காட்டில் நிற்பவனுக்கும் நகரில் நிற்பவனுக்கும் மலைமேல் நிற்பவனுக்கும் இவ்விளையாட்டு நட்சத்திரக் குறிகளால் பாதுகாப்பு அளிக்கிறது. முழுப் பலமுள்ள படைக்கு ஒரு நட்சத்திரம் சேதத்தில் பத்தில் ஒரு பங்கைத் தடுக்கும். மலைக்கு நான்கு நட்சத்திரம்.

இப்பொழுது குறைக்கு வருவோம். இவ்விளையாட்டில் இயந்திரம் ஏற்கும் பகைவன் வேடம், சிறு போர்களில் சாமர்த்தியமும் பெரும் போரில் பேதைமையும் கலந்தது. அருகில் உள்ளவற்றுள் எதை அடித்தால் அதிகச் சேதம் என்பதை அது பிழையின்றிக் கணிக்கும்; ஆனால் தன் படைகள் ஒன்றுசேரும்வரை காத்திருக்க அதற்குத் தெரியாது. சாலையில் ஒற்றர் வண்டி ஒரு முறைக்கு 8 கட்டமும், டாங்கி 6 கட்டமும், காலாட்படை 3 கட்டமும் செல்லும். அனைத்தையும் ஒரே நாளில் (இரு தரப்பாரும் ஒருமுறை நகர்த்தி முடிப்பதே இங்கே ஒரு நாள்) நம்மை நோக்கி விரட்டிவிட்டால், அவை வேகத்துக்கேற்ப வழியிலேயே பிரிந்து, ஒன்றன்பின் ஒன்றாக வந்து நம் முழுச் சேனையின்மேல் மோதி மடிகின்றன. ஆயுதமில்லாத போக்குவரத்து வண்டி ஒன்றை முன்னால் நிறுத்திவிட்டால், முக்கியமான இலக்குகளைக் கைவிட்டு அதன்மேல் பாயும் பலவீனமும் அதற்குண்டு. இரண்டு மனிதர் ஆடும்போது இவை நேருவதில்லை. அங்கே இருப்பது வேறொரு குறை. முதலில் நகர்த்துபவருக்குக் கிட்டும் அனுகூலம் கடைசிவரை வளர்ந்துகொண்டே போவதால், போட்டி ஆட்டங்களுக்கு வரைபடம் அமைப்போர் இரண்டாமவருக்குத் தொடக்கத்திலேயே ஒரு காலாட்படையை அதிகமாகக் கொடுக்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டனர்.

இயந்திரம் ஏன் இவ்வளவு கிட்டப்பார்வையோடு ஆடுகிறது? ஒரு படைக்கு ஒரு முறையில் செய்யக்கூடியவை நாற்பது என்று வைத்துக்கொள்வோம். பத்துப் படைகளை ஒருங்கிணைத்து யோசிக்க வேண்டுமானால், நாற்பதைப் பத்துத் தடவை பெருக்க வரும் அத்தனை சாத்தியங்களையும் ஆராய வேண்டும். அது ஏறத்தாழ ஒன்றுக்குப் பின் பதினாறு சுழிகள் இட்ட எண். கேம் பாய் அட்வான்ஸின் மூளையாகிய செயலி நொடிக்கு ஒரு கோடியே 67 லட்சம் தடவை துடிப்பது. ஒரு துடிப்புக்கு ஒரு சாத்தியம் என்ற அசாத்திய வேகத்தை அதற்கு வரமாக அளித்தாலும், ஒரே ஒரு முறை நகர்த்துவதற்குச் சுமார் இருபது ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே ஒவ்வொரு படையையும் தனித்தனியே எடுத்து, அதற்கு இப்போது எது நல்லது என்று மட்டும் பார்த்து நகர்த்துவதே அச்சிறு கருவிக்கு இயன்ற வழி. அதன் ஆட்டத்தைக் கவனிப்போர் அந்த வழியின் சுவடுகளைக் காண்பர். தனக்குச் சிறந்ததைத் தேடும் தனித்தனிப் படைகள் கூடி, எல்லாருக்கும் தீங்கான சிதறலை விளைவிக்கின்றன.

இந்தக் குறையை அறிந்தே அமைப்பாளர்கள் பல களங்களில் பகைவனுக்கு நம்மைவிட அதிகப் படைகளைக் கொடுத்திருக்கின்றனர் என்று நான் கருதுகிறேன். எண்ணிக்கை அவன் பக்கம், ஒருமைப்பாடு நம் பக்கம். வர்க்க விதி இரண்டையும் எடைபோடுகிறது. தொடக்கத்தில் அச்சுறுத்தும் களம், கணவாயையும் காட்டையும் பார்த்துப் படைகளைத் திரட்டிய பின், ஐந்தாறு நாட்களில் நம் வசமாகும்போது உண்டாகும் ஆனந்தம் போலியன்று. நெல்சனின் குறிப்பில் இருந்த அதே கணக்கை நம் கையால் போட்டுப் பார்த்த ஆனந்தம் அது. நன்றாகச் சிந்திக்கும் பகைவன் கிடைத்திருந்தால் இவ்விளையாட்டு மேன்மையாக இருந்திருக்கும். ஆனால் புதிதாகக் கற்பவனுக்கு இவ்வளவு தெளிவாக இவ்விதி புலப்பட்டிராது.

இவ்விளையாட்டும் இதன் இரண்டாம் பாகமும் புதுப்பிக்கப்பட்டு, உக்ரைன் யுத்தத்தை முன்னிட்டு ஓராண்டு தாமதித்து, 2023 ஏப்ரலில் நின்டெண்டோவின் ஸ்விட்ச் கருவிக்கு வெளிவந்தன. வீட்டில் பிள்ளைகள் இதை ஆடுவார்களாயின் அவர்களிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள். ஒவ்வொரு நாள் முடிவிலும் இரு தரப்பிலும் ஒன்றையொன்று எட்டக்கூடிய தொலைவில் நிற்கும் படைகளை மட்டும் எண்ணி, அவற்றின் வர்க்கங்களை எழுதி வைக்கச் சொல்லுங்கள். எந்த நாளில் தராசு சாய்ந்தது என்பதைக் களம் முடிவதற்கு வெகு முன்பே அந்தத் தாளில் அவர்கள் கண்டுகொள்வார்கள்.